சுரங்கம் காணாத தபால் தலைகள்



முன்னாளில் டல்ஹௌசி சதுக்கம் என வழங்கிய பினய்-பாதல்-தினேஷ் பாகின் மேற்குப் புறத்தில், வெண்ணிறக் கும்மட்டத்துடன் நிமிர்ந்து நிற்கும் தலைமைத் தபால் நிலையத்தைக் கல்கத்தாத் தமிழர் யாவரும் அறிவர். 1868-இல் திறக்கப்பெற்ற அக்கட்டடத்தின் தென்புறமாக ஒரு தெரு கங்கைக் கரையை நோக்கிச் செல்கிறது. கோயலாகாட் தெரு என்பது அதன் பெயர். ‘கோயலா’ என்றால் கரி. ‘காட்’ என்றால் துறை. ஆகவே நிலக்கரி வந்திறங்கிய துறை போலும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. பழைய வில்லியம் கோட்டை அவ்விடத்தில்தான் இருந்தது. ‘கில்லா காட்’, அதாவது கோட்டைத் துறை என்பதே நாளடைவில் அவ்வாறு திரிந்தது என்பர். பெயரில் கரி உண்டு, பொருளில் இல்லை.

தபால் தலை சேகரிப்போருக்கு இதற்கு நேர்மாறான அனுபவம் ஒன்று உண்டு. அங்கே பொருளில் கரி உண்டு, படத்தில் இல்லை. அதைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விழைகிறேன்.

தபால் தலைகளை நாடுவாரியாகச் சேர்ப்பது பழைய முறை. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, பறவை, இரயில், பாலம், சுரங்கம் என்று அதற்குரிய தலைகளை மட்டுமே உலகெங்கிலுமிருந்து திரட்டுவது பின்னர் வந்த முறை. சுரங்கத்தைப் பொருளாக எடுத்துக்கொண்ட ஒருவர், கல்கத்தாவில் வசிப்பவரானால், முதலில் தம் ஊருக்கு அருகிலுள்ள இராணிகஞ்சு, ஜரியா நிலக்கரிச் சுரங்கங்களைக் காட்டும் ஆங்கில ஆட்சிக்காலத் தபால் தலை எது என்றுதான் தேடுவார். தேடிக் களைப்பார். ஏனெனில், 1854 முதல் 1947 வரை இந்திய அரசாங்கம் வெளியிட்ட தபால் தலைகளுள் ஒன்றிலேனும் சுரங்கம் இல்லை. நிலக்கரி இல்லை, கோலார்ப் பொன் இல்லை, அபிரகம் இல்லை, மாங்கனீசும் இல்லை.

இதில் வியப்பு யாதெனில், இந்தியத் தபால் தலையும் வங்காளத்து நிலக்கரியும் ஏறக்குறைய ஒரே வேளையில், ஒரே நகரிலிருந்து, தம் பெரும் பயணத்தைத் தொடங்கியவை. நாடு முழுமைக்குமான முதல் தபால் தலைகள் 1854 அக்டோபர் 1-இல் வழக்கத்துக்கு வந்தன. அவற்றைக் கல்கத்தாவில், சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தில், நிலப்படங்களை அச்சிடும் கல்லச்சுப் பொறிகளிலேயே கேப்டன் துய்லியர் என்பார் அச்சிடுவித்தார். அரையணாத் தலையை முதலில் செந்நிறத்தில் அச்சிடத் தொடங்கினர். இங்கிலாந்திலிருந்து வந்த செம்மை தீர்ந்துபோகவே நீலத்துக்கு மாறினர். அச்செம்மை பாதரசக் கனிமத்திலிருந்து வரும் நிறம். நம் தபால் தலையில் சுரங்கத்துக்கு இருந்த இடம் அந்த மையளவே என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அதற்கு நான்கே மாதங்களுக்குப் பின், 1855 பிப்ரவரியில், ஹௌராவிலிருந்து இராணிகஞ்சு வரை, ஏறக்குறைய 120 மைல் தொலைவுக்கு இரயில் ஓடத் தொடங்கியது. அப்பாதை இராணிகஞ்சை நாடிச் சென்றதற்குக் காரணமே நிலக்கரி. வங்காளத்தில் கரி தோண்டும் முயற்சி 1774-இல் சம்னர், ஹீட்லி என்னும் இருவர் பெற்ற உரிமத்தோடு தொடங்கியது. 1836-இல் இராணிகஞ்சுச் சுரங்கத்தை வாங்கியவர் மகாகவி இரவீந்திரநாதரின் பாட்டனாரான துவாரகாநாத தாகூர். 1843-இல் பெங்கால் கோல் கம்பெனி உருவாயிற்று. ஆனால் தோண்டிய கரியைக் கல்கத்தாவுக்குக் கொணர்வதற்கு, தாமோதர் ஆற்றில் மழைக்காலத்தில் வெள்ளம் வரும் வரை படகுகள் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. இரயில் வந்ததும் அக்காத்திருப்பு ஒழிந்தது. அது முதல் ஹூக்ளிக் கரையின் சணல் ஆலைகளும், துறைமுகத்துக் கப்பல்களும், இரயில் எஞ்சின்களும் அக்கரியை உண்டே உயிர் வாழ்ந்தன. கிளைவ் தெருவில் அமர்ந்திருந்த ஆண்ட்ரூ யூல், பேர்ட் முதலிய மேலாண்மை நிறுவனங்கள் பற்பல சுரங்கங்களை அங்கிருந்தவாறே நடத்தின.

இத்தகைய தொழில், தபால் தலையில் ஏன் இடம் பெறவில்லை? இதை ஒரு சூழ்ச்சி என்று கருத வேண்டியதில்லை. 1855 தொடங்கி ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் நம் தபால் தலைகள் இலண்டனில் டி லா ரூ நிறுவனத்தில் அச்சாகி வந்தன. அரசி அல்லது அரசரின் தலையைத் தவிர வேறு உருவம் அவற்றில் இல்லை. மனித முகத்தில் சிறு மாறுதலும் கண்ணுக்குச் சட்டென்று புலப்படுமாதலால், கள்ள அச்சைக் கண்டுபிடிப்பது எளிது என்பது ஒரு காரணம். ஆட்சி யாருடையது என்பதை அரையணாச் செலவில் வீடுதோறும் நினைவூட்டுவது மற்றொரு காரணம் எனலாம்.

நாசிக்கில் அரசாங்க அச்சகம் ஏற்பட்டு, 1926 முதல் தபால் தலைகள் உள்நாட்டிலேயே அச்சாகத் தொடங்கிய பின்னரே படங்கள் வந்தன. 1931-இல் புது தில்லித் திறப்பு விழாவையொட்டி ஆறு தலைகள் வெளிவந்தன. 1935-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாத் தொகுதி. அதில் இராமேசுவரத்துக் கோயில் ஓர் அணாத் தலையிலும், கல்கத்தாவின் விக்டோரியா மண்டபம் ஒன்பது பைத் தலையிலும், இந்நகரின் சமணக் கோயில் ஒன்றேகால் அணாத் தலையிலும் இடம்பெற்றன. தமிழ்நாட்டில் பிறந்து வங்கத்தில் வாழ்வோர் அந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் ஒட்டி மகிழலாம். 1937-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தொகுதி வந்தது. அதில் தபால் ஓட்டக்காரன், மாட்டு வண்டி, ஒட்டகம் ஆகியவற்றோடு நான்கணாவில் தபால் இரயிலும் ஆறணாவில் நீராவிக் கப்பலும் உண்டு. அந்த இரயிலின் புகையை உற்றுப் பாருங்கள். நாம் தேடும் நிலக்கரி அங்கே எரிந்துகொண்டிருக்கிறது. எரிவது தெரிகிறது; வெட்டி எடுத்த கை தெரியவில்லை. அத்தலைகள் வெளிவந்த ஆண்டுகளில்தான், வங்க பீகார்ச் சுரங்கங்களின் அடியில் தலைமுறையாகக் கரி சுமந்த பெண்கள், 1929-இல் இயற்றிய விதிகளின்படி படிப்படியாக வெளியேற்றப்பட்டு வந்தனர். 1939-க்குள் அது முடிவடைந்தது. போர் வந்து கரி முடை ஏற்பட்டதும், 1943-இல் அவர்களையே மீண்டும் கீழே இறக்கினர். 1946-இல் மீண்டும் தடுத்தனர். அவர்களுள் ஒருத்தியின் உருவமும் எந்தத் தலையிலும் இல்லை.

பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பிற நாடுகளின் நிலை வேறு. நியூபவுண்டுலாந்து 1897-லேயே ஐந்து சென்ட் தலை ஒன்றில் சுரங்கத் தொழிலைக் காட்டி, இது இக்குடியேற்றத்தின் செல்வங்களுள் ஒன்று என்று எழுதியும் வைத்தது. பிரிட்டிஷ் கயானா 1934-இல் மூன்று சென்ட் தலையில், ஆற்று மண்ணைக் கழுவிப் பொன் எடுக்கும் காட்சியை வெளியிட்டது. அதே தொகுதியின் ஒரு சென்ட் தலை நெல் வயல் உழவைக் காட்டுகிறது. அந்நாட்டுக்கு முதன்முதலாக இந்தியக் கூலிகளை ஏற்றிச் சென்ற இரு கப்பல்களும் 1838 ஜனவரியில் இந்தக் கல்கத்தாவிலிருந்தே புறப்பட்டன என்பதை அறிந்தோர்க்கு அந்த ஒரு சென்ட் தலை பொற்சுரங்கத் தலையைவிட மதிப்புடையதாகத் தோன்றும். நைஜீரியாவின் 1936-ஆம் ஆண்டு ஒன்றரைப் பென்னித் தலையில் வெள்ளீயம் வாரும் எந்திரம். கோல்டு கோஸ்டின் 1948-ஆம் ஆண்டு மூன்று பென்னித் தலையில் நுசூட்டா மாங்கனீசுச் சுரங்கம். சைப்பிரசின் 1955-ஆம் ஆண்டுத் தொகுதியில் மவ்ரோவூனி செம்புச் சுரங்கம். ஆஸ்திரேலியாவின் பொறுப்பிலிருந்த நியூகினி 1935-இல் புலோலோ பொன்வயலின்மீது விமானம் பறக்கும் காட்சியை இரண்டு பவுன், ஐந்து பவுன் விலைகளில் விமானத் தபால் தலைகளாக்கியது. சாலை இல்லாத அந்த மலைப்பள்ளத்தாக்கிற்குப் பொன் வாரும் எந்திரங்களைத் துண்டு துண்டாக விமானத்தில் கொண்டுசென்று பூட்டினர். இவ்விரண்டும் விலை மிக்கவை. நம்போன்றோர் படத்தில் பார்த்துக்கொள்வதோடு அமையலாம். நைஜீரியத் தலையோ மலிவாகக் கிடைக்கக்கூடியது.

இவற்றையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்த்தால், இவை யாருக்காக அச்சிடப்பட்டன என்பது விளங்கும். கடிதம் எழுதும் உள்ளூர்க் குடிகளைவிட, முதல் போடும் அயல்நாட்டுச் செல்வரையும், வெளிநாட்டுச் சேகரிப்பாளரையும் கருதியே இவை வரையப்பட்டன என்பது என் துணிபு. ஆகவேதான் எந்திரம் பெரிதாகவும் மனிதன் சிறிதாகவும், அல்லது இல்லாமலேயும், இருக்கிறான். நைஜீரியாவிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. எனுகு நகரத்து நிலக்கரிச் சுரங்கத்தில் 1949 நவம்பர் 18-இல் போலீசார் சுட்டதில் 21 தொழிலாளர் மாண்டனர். அந்நாடு 1960-இல் விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டு வெளிவந்த புதுத் தொகுதியில், யாவரும் அன்றாடம் ஒட்டும் ஒரு பென்னித் தலை நிலக்கரிச் சுரங்கத்தைக் காட்டிற்று.

தமிழர் கடல் கடந்து உழைத்த நாடுகளின் தலைகளையும் ஒரு நோட்டம் விடுவோம். இலங்கையின் 1935-ஆம் ஆண்டுத் தொகுதியில் இரப்பர்ப் பால் எடுத்தல் உண்டு, தென்னை உண்டு, ஒன்பது சென்ட் தலையில் கொழுந்து கிள்ளும் காட்சியும் உண்டு. அத்தீவின் பெயர்பெற்ற காரீயச் சுரங்கம் இல்லை. பர்மாவின் 1938-ஆம் ஆண்டுத் தொகுதியில் தேக்கு மரமும் நெல்லும் உண்டு. ஏனாஞ்சாவுங் எண்ணெய்க் கிணறு இல்லை. மலாய்க் கூட்டு நாடுகளின் செல்வமே வெள்ளீயம். அந்நாடுகளின் பழைய தலைகளில் பாயும் புலியும் யானைக் கூட்டமுமே காணப்படுகின்றன.

யானை என்றதும் நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. சௌரங்கிச் சாலையில், இந்திய அருங்காட்சியகத்தை அடுத்து, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தலைமையகம் இருக்கிறது. 1851-இல் தாமஸ் ஓல்டாம் கல்கத்தாவில் வந்திறங்கியது முதல் அத்துறையின் வரலாறு எண்ணப்படுகிறது. நிலக்கரி எங்கெங்கே கிடைக்கும் என்று அறிவதற்காக 1836-இல் நிறுவப்பட்ட ஒரு குழுவே அதற்கு வித்து. ஓல்டாமுக்கு முன் வந்த வில்லியம்ஸ் என்பார் தாமோதர் பள்ளத்தாக்கின் கரிநிலங்களை அளந்து திரிந்து, 1848-இல் காட்டுக் காய்ச்சலுக்கு இரையானார். அத்துறையின் நூற்றாண்டு விழாவுக்காகச் சுதந்திர இந்தியா 1951 ஜனவரி 13-இல் இரண்டணாத் தலை ஒன்றை வெளியிட்டது. சரி, இப்போதாவது நிலக்கரி வரும் என்று பார்த்தால், வந்தது யானை! சிவாலிக் மலைகளில் எலும்புகள் கிடைத்த, பன்னூறாயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன யானையினம். ஸ்டெகோடான் கணேசா என்று நம் பிள்ளையாரின் பெயரையே அதற்கு இட்டிருக்கின்றனர். அழகான தலைதான், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் கரியைத் தேடப் பிறந்த துறைக்குக் கரி வாய்க்கவில்லை. 1955 ஜனவரி 26-இல் வந்த ஐந்தாண்டுத் திட்டத் தொகுதியில் தாமோதர் பள்ளத்தாக்கு அணை, சிந்திரி உரத் தொழிற்சாலை, எஃகு ஆலை ஆகியவை இடம் பெற்றன. சுரங்கத்தின் பயனை நுகர்வன யாவும் வந்தன; சுரங்கம் அப்போதும் வரவில்லை.

அப்படியானால் நம் கரிச் சுரங்கங்களையும் கோலாரையும் சேகரிக்க வழியே இல்லையா? உண்டு. படத்தை விட்டுவிட்டு முத்திரையைப் பாருங்கள்.

அரசியின் தலைமேல் விழுந்த அந்தக் கறுப்பு வட்டத்தை, அழகைக் கெடுத்த கறை என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அத்துண்டுக் காகிதத்தில் நம் நாட்டைப் பற்றிய செய்தி அது ஒன்றே. இராணிகஞ்சு, அசன்சோல், பராக்கர், ஜரியா, கிரிடி என்று ஊர்ப் பெயரும் நாளும் அதில் இருக்கும். இன்னும் பழைய முத்திரைகளில், ஊர்ப் பெயருக்குப் பதிலாக ஓர் எழுத்தும் எண்ணுமே இருக்கும். வங்காள வட்டத்துக்கு ஆங்கில எழுத்து ‘பி’, சென்னை வட்டத்துக்கு ‘சி’. எந்த எண் எந்த ஊருடையது என்பதை, பம்பாயைச் சேர்ந்த ஜால் கூப்பர் போன்ற ஆராய்ச்சியாளர் பட்டியலிட்டு நூல்களாக்கியுள்ளனர். சில தலைகளில் ஊசித் துளைகளால் அமைந்த எழுத்துகள் காணப்படும். அவை பூச்சி அரித்தவை அல்ல; வணிக நிறுவனங்கள் தம் குமாஸ்தாக்கள் தபால் தலைகளைக் களவாடி விற்காதிருக்கத் தம் பெயரின் முதலெழுத்துகளைத் துளையிட்டு வைத்த அடையாளம். கிளைவ் தெருவிலிருந்து சுரங்கத்துக்குப் போன உறையொன்று, அனுப்பிய ஊர் முத்திரை முன்புறத்திலும் சேர்ந்த ஊர் முத்திரை பின்புறத்திலுமாகக் கிடைக்குமானால், அது பத்து நைஜீரியத் தலைகளுக்குச் சமம்.

கோலாருக்கு வருவோம். மைசூர் சமஸ்தானத்தின் சொந்தத் தபாலான ‘அஞ்சே’ 1889-இல் இந்தியத் தபால் இலாகாவோடு இணைந்துவிட்டது. ஆதலால் பொன்வயலிலிருந்து போன கடிதங்களிலும் அதே அரசியின் தலைதான். ஆனால் முத்திரையில் சாம்பியன் ரீப்ஸ், ஊர்காம், மாரிக்குப்பம், கோரமண்டல் என்ற பெயர்கள் இருக்கும். அவ்வூர்களில் ஆயிரமாயிரம் தமிழர், வட ஆற்காட்டுச் சீமையிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் சென்று, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் சிலவற்றில் இறங்கி உழைத்தனர். அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. எந்திரங்கள் துருப்பிடித்துவிட்டன. முத்திரை பதிந்த கடிதங்கள் எங்கோ நம் வீட்டுப் பெட்டிகளில் இருக்கின்றன.

அவற்றுள் மிக எளியது கார்டு. 1879-இல் காலணாக் கார்டு வந்த பிறகுதான் ஏழைக்கும் தபால் எட்டிற்று. அடுத்த ஆண்டு, 1880-இல், மணியார்டர் தபால் இலாகாவின் பொறுப்புக்கு வந்தது. மணியார்டர் தாளின் ஒரு துண்டு, பணம் பெற்றவரின் கையொப்பத்தையோ பெருவிரல் இரேகையையோ தாங்கி, அனுப்பியவருக்கே திரும்பி வந்தது. சுரங்கத்தில் வேலை செய்தவனிடம் அவன் தாயோ மனைவியோ வைத்த கைந்நாட்டு அப்படி வந்து சேர்ந்தது. அவன் அதைப் பத்திரமாக வைத்திருப்பான்; பணம் போய்ச் சேர்ந்ததற்கு அதுவே சாட்சி. அதை எந்தச் சேகரிப்பாளரும் விலைப்பட்டியலில் சேர்ப்பதில்லை. சுரங்கத் தொழிலாளியின் குடும்பத்தை நேரே தொட்டுக் காட்டும் காகிதம் அதைப்போல் மற்றொன்றை நான் அறியேன்.

இங்கேதான் நான் வற்புறுத்த விரும்பும் செய்தி இருக்கிறது. நம் வீடுகளில் பிள்ளைகளுக்குத் தபால் தலை சேர்க்கும் ஆர்வம் பிறந்ததும் நாம் செய்யும் முதற் காரியம், பழைய உறைகளின் மூலையைக் கத்தரித்து, தண்ணீரில் ஊறவைத்து, தலையை உரித்தெடுப்பது. ஆறாம் ஜார்ஜின் சாதாரணத் தலைகள் கோடிக்கணக்கில் அச்சானவை. அவை உரித்த பின் காசு பெறா. கத்தரிக்கும்போது முத்திரையில் பாதியும், பின்புறத்து முத்திரை முழுதும், அனுப்பியவர் முகவரியும் குப்பைக்குப் போகின்றன. எந்த ஊரிலிருந்து யாருக்கு, எந்நாளில் என்னும் செய்தி அழிகிறது. மிஞ்சுவது ஓர் அரசரின் முகம். கோலாரிலோ ஈப்போவிலோ இரங்கூனிலோ தாத்தா உழைத்ததற்குக் குடும்பத்தில் வேறு சான்று இல்லாதிருக்கலாம். தாய்நாட்டை விட்டும் தாய்மொழி வழங்கும் இடத்தை விட்டும் வந்து வாழும் நம்மைப் போன்றோருக்கு இது சிறு இழப்பன்று. எனவே உறையை உறையாகவே விடுங்கள்.

கல்கத்தாவில் வசிப்போர்க்கு மற்றொரு தொல்லையும் உண்டு. ஆடி, ஆவணி மாதங்களின் ஈரக்காற்றில் பழைய காகிதத்தில் துரு நிறப் புள்ளிகள் தோன்றும். அது பூஞ்சணம், ஒரு கடிதத்திலிருந்து மறு கடிதத்துக்கும் தாவும். சுவரை ஒட்டிய இரும்புப் பெட்டியில் அடைத்து வைப்பதைவிட, காற்றோட்டமுள்ள அலமாரியில், ஈரம் உறிஞ்சும் பொடிப் பொட்டலம் ஒன்றிட்டு, நிறுத்தி வைப்பது நலம். மலிவான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் வியர்த்து மையைக் கெடுக்கும். ஒட்டும் டேப்பை ஒருபோதும் பயன்படுத்த வேண்டா. பத்து ஆண்டில் அது மஞ்சளித்துக் காகிதத்தோடு கலந்துவிடும். கிழிந்தது கிழிந்தவாறே இருக்கட்டும்.

விலைக்கு வாங்குவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். உறைகளுக்கு மதிப்பு ஏறியதிலிருந்து, பழைய தலையில் புதிய முத்திரையைக் குத்தி விற்பதும் நடக்கிறது. முத்திரையின் வட்டம் தலையிலிருந்து வழுவாமல் உறையின்மீது தொடர்கிறதா, தபால் கட்டணம் அந்நாளைய விகிதத்துக்குப் பொருந்துகிறதா, பின்புறத்து நாள் முன்புறத்து நாளுக்குப் பிந்தியதா என்று பார்த்தால் பெரும்பாலான போலிகள் அகப்பட்டுக்கொள்ளும்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியை ஒரு முறை இறக்கிப் பாருங்கள். கடிதக் கட்டு இருந்தால், எழுதியவர் யார், எந்த ஊரில் என்ன வேலையில் இருந்தார், யாருக்கு எழுதினார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தனித் தாளில் பென்சிலால் எழுதி, உறையோடு சேர்த்து வையுங்கள். உறையின்மீது எழுதாதீர்கள். கைந்நாட்டு வைத்த மணியார்டர்த் துண்டு அகப்பட்டால், அந்த விரல் யாருடையது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.